விவரமாக ஒரு ஜெபக்குறிப்பு

எனக்கு ஜெபம் நன்றாக வரும். கிள்ளானில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கண்ணை மூடினால் போதும், வார்த்தை தானாக வந்து கொட்டும். யாருக்கு எந்த முழங்காலில் வலி, யார் மகளுக்கு எந்த மாப்பிள்ளை தட்டிப்போனது, எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லித்தான் ஜெபிப்பேன். "சிஸ்டர் ஜெபம் பண்ணா ஆண்டவர் திருப்பிக் கேள்வி கேக்க வேண்டியதே இல்ல லா" என்று பாஸ்டரே ஒருதடவை எல்லார் முன்னாலும் சொன்னார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

சபைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வசனம், பிறகு ஜெபம். ஜெபத்துக்கு முன்னால் "ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்பார்கள். உங்களுக்கு என்ன பிரச்சினையோ அதைச் சொல்ல வேண்டும், எல்லாரும் அதற்காக வேண்டிக்கொள்வார்கள். இப்போது வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு விஷயத்தைச் சும்மா பேசினால் அது புரளி, "ஜெபக்குறிப்பு" என்று ஆரம்பித்துப் பேசினால் அது பக்தி. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை பேருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டோமோ தெரியாது.

என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். ஜோகூர், பினாங்கு, குவாந்தான் என்று வாழ்க்கை முழுக்க ரோட்டில் இருந்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். வெள்ளைச் சட்டை, காலில் மடிப்புக் கலையாத சிலுவார், சபை வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுத்து "ஸ்தோத்திரம்" சொல்லி உள்ளே அனுப்புவார். காணிக்கைப் பையும் அவர்தான் பிடிப்பார். சட்டையை என்னைத் தேய்க்க விடமாட்டார். நான் தேய்த்தால் காலர் கோணுமாம்.

போன வருஷக் கடைசியில் அவருக்கு ப்ராஸ்டேட்டில் ஆபரேஷன் நடந்தது. கேன்சர்தான், ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், எடுத்துவிட்டோம் என்றார்கள். எல்லாம் போய்விட்டதா என்பது சில மாதம் கழித்து எடுக்கிற ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும் என்றும் சொன்னார்கள். நாங்கள் கேன்சருக்குப் பயந்துகொண்டு போனோம். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது எங்களை வாட்டியது வேறொன்று. சிறுநீர் நிற்கவில்லை. இருமினால் போகும், நாற்காலியைவிட்டு எழுந்தால் போகும், சிரித்தால்கூடப் போகும். "இது எல்லாருக்கும் வரும் அங்கிள், கொஞ்ச மாசத்துல சரியாயிடும்" என்று டாக்டர் சொல்லி ஏதோ பயிற்சி எல்லாம் கற்றுக்கொடுத்தார். அதுவரை பேம்பர்ஸ் கட்டிக்கொள்ள வேண்டும்.

நாடு முழுக்க லோரி ஓட்டியவர் வீட்டுக் கேட்டைத் தாண்ட மறுத்துவிட்டார். பேம்பர்ஸ் வாங்குவதற்கும் ஒரு சட்டம் போட்டார். கிள்ளானில் வாங்கக் கூடாது, தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். அதனால் நான் காரை எடுத்துக்கொண்டு காப்பார் வரைக்கும் போவேன். அங்கே மருந்துக் கடையில் இருந்த சீனப் பெண் "அப்பாவுக்கா?" என்று மலாயில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். என் அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் பேரைச் சொல்லி மூன்று பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கேட்டார். "சபையில ஆபரேஷன்னு மட்டும் சொல்லு. மத்தது நமக்குள்ள இருக்கட்டும்." சரிங்க என்றேன். அந்தச் சரியை நான் மனதாரத்தான் சொன்னேன், ஆண்டவருக்குத் தெரியும்.

பிறகு எப்படிச் சொன்னேன் என்று கேட்டால், ஜெபக்குறிப்பாகத்தான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு மனசு தாங்கவில்லை. காலையில் இரண்டாவது தடவையாக மெத்தை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதே, ஆண்டவரிடம் கேட்பதற்கு இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டால் அது எப்படித் தப்பாகும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்துகிற சிஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். அனுப்பியதும் நெஞ்சு லேசானது. நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திடலின் அந்தக் கோடிவரை கேட்கிற குரல். கெட்ட மனசு கிடையாது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

புதுவருஷத்தின் முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டம் அந்த சிஸ்டர் வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். நான் இவரைக் கெஞ்சினேன். "சின்னக் கூட்டம்ங்க. புதுவருஷம். முன்னாடி ரூம்லயே கழிவறை இருக்கு. போயிட்டு உடனே வந்துடலாம்." எத்தனையோ வாரம் கழித்து அன்றைக்குத்தான் அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு சிலுவார், உள்ளே ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிக்கொண்டார். ஹாலில் எனக்கு முன்னால் நடந்து காட்டினார்.

"தெரியுதா?"

"இல்லங்க."

"பின்னாடி நல்லாப் பாரு."

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். "ஒன்னும் தெரியல. மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றேன். "போடி" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்து எத்தனை நாள் ஆகியிருந்தது! எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

சிஸ்டர் வீட்டில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். இவர் கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். நான் பெண்கள் பக்கம். பாட்டு ஆரம்பித்ததும் அவர் குரல் தனியாகக் கேட்டது. அடுப்படியிலிருந்து மீகூன் நூடுல்ஸ் வதக்குகிற வாசனை வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு சிஸ்டர் எழுந்து நின்று எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் ஜெபிக்க ஆரம்பித்தார். எங்கள் முறை வந்தது.

"பரம தகப்பனே, உம்முடைய தாசன் இந்த அங்கிளை உமது பாதத்தில் வைக்கிறோம்" என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். "ஆபரேஷனுக்குப் பிறகு அவர் படுகிற பாட்டை நீர் அறிவீர். ஆண்டவரே, அவருடைய அந்தரங்கத்தில் இடைபடும்!"

அதற்கு நான் ஆமென் சொல்லவில்லை.

வேதத்தில் அந்தரங்கம் என்றால் மனுஷர் யாரும் எட்டிப்பார்க்காத இடம். பிதா அங்கேதான் இருக்கிறார், அங்கே நடப்பதைப் பார்க்கிறார் என்று இருக்கிறது. சிஸ்டர் பச்சையாகச் சொல்லக் கூடாது என்று நாகரிகமாக அந்த வார்த்தையைப் போட்டார். ஆனால் ஊரில் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறதே, டாக்டர் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கேட்கிற அர்த்தம். அந்த அறையில் இருந்த இருபது பேருக்கும் அந்த இரண்டாவது அர்த்தம்தான் முதலில் தோன்றியது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

சிஸ்டருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை, ஆவியில் நிறைந்துவிட்டார். "கடலையும் காற்றையும் அதட்டி அடக்கினவரே, இந்த ஒழுக்கை அடக்குவது உமக்கு எம்மாத்திரம்! இரவும் பகலும் பேம்பர்ஸ் கட்டிக்கொண்டு கூனிக்குறுகி இருக்கிற உம்முடைய தாசனுக்கு விடுதலை தாரும்! அந்த விரிப்புகளைத் துவைத்துத் துவைத்துக் களைத்துப்போன எங்கள் சகோதரிக்குப் பெலன் தாரும்!"

ஆமென், ஆமென், ஆமென். ஒரு அக்கா அழுதேவிட்டார்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். இவர் கண் ஏற்கனவே திறந்துதான் இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. எதிரே சுவரில் இருந்த புதுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்திலும் சிஸ்டர் மேல்தான் கோபம் வந்தது. இந்தப் பொம்பளைக்கு வாயில் பூட்டே கிடையாதா என்று பல்லைக் கடித்தேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் மீகூன் தட்டோடு சுற்றினார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்து "தைரியமா இருங்க அங்கிள், ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் "ஸ்தோத்திரம்" என்று பதில் சொன்னார். எல்லாரும் அடுப்படிப் பக்கம் நகர்ந்த பிறகு எழுந்து, நாற்காலியைத் தன் கைக்குட்டையால் ஒருதடவை துடைத்துவிட்டு "போலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஒன்றே ஒன்று கேட்டார்.

"விரிப்பு துவைக்கிறதைக்கூடவா சொன்ன?"

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதுபோல மெதுவாகக் கேட்டார். அவர் பதிலுக்கு நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பாஸ்டருக்கு அவரே போன் செய்து, வாசல் ஊழியத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் மட்டும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். "அங்கிளுக்கு இப்ப எப்படி, நின்னுச்சா?" என்று காணிக்கை எடுக்கிற நேரத்தில் காதருகே வந்து கேட்கிறார்கள். என்ன சொல்வது? வாட்ஸ்அப்பில் வைத்தியம் வேறு. வெந்தயம், வாழைத்தண்டு, ஏதோ ஒரு மலாய் மூலிகை. யாரோ ஒரு புண்ணியவதி, பேர் சொல்லாமல் உதவுவதுதான் பெரிய தானம் என்று நினைத்தோ என்னவோ, ஒரு பெரிய பாக்கெட் பேம்பர்ஸை உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா அதைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கதவைத் திறந்தது இவர். "தெரிமா காசி" என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே நான் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் திட்டுவதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். என் கோபம் சபைக்கே தெரியும். கதவைத் திறந்ததும் ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன சிஸ்டர் இப்படிப் பண்ணிட்டீங்க? வெளியிலயே வராத மனுஷனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கிட்டு வந்தேன். இருபது பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டீங்களே! இனிமே அவரு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு சபைக்கு வருவாரு?"

சிஸ்டர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "நீங்கதானே சிஸ்டர் அனுப்பினீங்க?" என்றார். "அவருக்காக ஜெபிங்கன்னுதான் அனுப்பினேன், ஊருக்கே ஒலிபரப்புங்கன்னா சொன்னேன்?" என்றேன். அவர் குழம்பிப்போனார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே" என்று போனை எடுத்து, நான் அப்படிச் சொல்லியிருக்கிறேனா என்று சரிபார்க்க, என் பதிவைப் போட்டார்.

என் குரலை நான் கேட்டேன்.

முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு, "சிஸ்டர், என் கஷ்டத்தை நான் யார்கிட்ட சொல்லுவேன்" என்று ஆரம்பம். காலையில் எழுந்து விரிப்பை உரிப்பது, துவைப்பது, காப்பார் வரை கார் ஓட்டுவது, மருந்துக்கடைப் பெண் அப்பாவுக்கா என்று கேட்டது, வீட்டில் வருகிற வாடை. ஆமாம், வாடையையும் சொல்லியிருந்தேன். அவர் நடக்கும்போது கேட்கிற சத்தத்தைச் சொல்லி, நடுவில் ஒரு இடத்தில் சிரித்தேன். கதை சொல்லத் தெரிந்தவள் எங்கே நிறுத்துவாள், எங்கே குரலைத் தாழ்த்துவாள், எல்லாம் சரியாக இருந்தது. "வேற ஒருத்தியா இருந்தா இந்நேரம் மக வீட்டுக்குப் போய் உக்காந்திருப்பா சிஸ்டர்" என்று ஒரு பெருமை. எல்லாம் முடிந்து கடைசியில், ஞாபகம் வந்தாற்போல, "அவருக்காக ஜெபிச்சுக்குங்க" என்று ஒரு வரி. யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற பேச்சே அதில் இல்லை. சிஸ்டர் நான் சொன்னதில் பாதியைத்தான் ஜெபித்திருந்தார். வாடையையும் சத்தத்தையும் அவரே விட்டுவிட்டிருந்தார்.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார். பாவம், நான் காது கேட்காமல் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். வேண்டாம் சிஸ்டர் என்றேன். அவர் கொடுத்த மைலோவைக் குடித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது அங்கே இல்லை, வீட்டில். அதற்கு வாய் வரவில்லை. வந்த வழியிலேயே திரும்பினேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கிற நேரத்தில் குடும்ப ஜெபம் உண்டு. புதுவருஷம் பிறந்தால் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து எடுப்போம், நாளுக்கு ஒரு அதிகாரம், நான் வாசிப்பேன், அவர் கேட்பார், அவர் ஜெபித்து முடிப்பார். பேச்சு நின்றுபோன அந்த நாட்களிலும் அவர் இதை மட்டும் விடவில்லை. நாற்காலியில் வந்து உட்காருவார். அன்றைக்கு சாயந்திரம் வாசிக்க வேண்டிய இடம் வெள்ளம் வடிந்ததற்குப் பிந்தைய அதிகாரம். வானவில் வருகிற பகுதி என்று நல்லபடியாக ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று மறந்தே போனேன்.

பேழை கட்டின அந்தப் பெரியவர் திராட்சை பயிரிட்டு, குடித்து, தன் கூடாரத்தில் துணி விலகிக் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எத்தனையோ வருஷம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதைதான். குடிக்கக் கூடாது பிள்ளைகளே, பார்த்தீர்களா என்ன ஆகிறது என்பேன். குடியைத் தாண்டி நான் போனதே இல்லை. ஒரு மகன் அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்கிறான், வெளியே போகிறான், மற்ற இரண்டு பேரிடம் சொல்கிறான். அவன் செய்தது அவ்வளவுதான். அடிக்கவில்லை, திருடவில்லை. பார்த்தான், சொன்னான். அந்த இரண்டு பேரும் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரை மூடுகிறார்கள்.

அந்த மகன் வெளியே போய்ச் சொன்ன வசனத்தில் என் குரல் நின்றுவிட்டது. கண்ணாடியைத் துடைத்தேன். தண்ணீர் குடித்தேன். பக்கத்தைத் திருப்பப் பார்த்தேன்.

"இன்னும் முடியல" என்றார் அவர். "படி."

படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வெளியே சொன்ன மகனின் வம்சத்துக்குச் சாபம் வருகிற இடத்தையும் படித்தேன். முடித்ததும் அவர் வழக்கம்போல ஜெபித்தார், இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும், ஆமென். என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை. நான் அப்போதுதான் சொன்னேன், "தப்புப் பண்ணிட்டேங்க" என்று. "தெரியும்" என்றார். "மன்னிச்சுடுங்க" என்றேன். "மன்னிச்சாச்சு லா. சாப்பாடு போடு" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்குக் கோழிக்கறியைச் சூடுபண்ணினேன்.

பிறகு ஒருநாள் சபை வேன் ஓட்டுகிற பிரதர் வந்தார். காப்பார் பக்கமிருந்து வயசானவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறவர். வேன் கண்ணாடியை இறக்கிவிட்டு சாலை பூராவும் கத்திப் பேசிக்கொண்டு வருவார், ஒரு நிமிஷம் வாய் ஓயாது. ஓட்டைவாய் என்று நான்தான் அவருக்குப் பேர் வைத்திருந்தேன். சம்சாரம் தவறிப்போய்விட்டார். வந்தவர் உள்ளே வரவில்லை, கார் போர்ச்சில் நாற்காலியைப் போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக்கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன், இத்தனைக்குப் பிறகு பொய் எதற்கு.

"எனக்கும் அதே ஆபரேஷன்தான் அண்ணே" என்றார் அவர். "நாலஞ்சு வருஷம் ஆச்சு. இப்பகூட லேசா இருக்கு. வேன் ஓட்டும்போது துண்டு போட்டுத்தான் உக்காருவேன்."

"நீயா? யாருக்குமே தெரியாதே" என்றார் இவர்.

"யாரு சொல்றது? என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும். சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை வெளிய விடல, புண்ணியவதி."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அந்த அம்மாவை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்தில்தான் உட்காருவார். "ஜெபக்குறிப்பு இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டால் "ஸ்தோத்திரம் மட்டும்தான்" என்று சிரிப்பார். வாரா வாரம் அதே பதில். எனக்கு எரிச்சலாக வரும். என்ன பெருமை இவருக்கு, குறை இருப்பதாகக் காட்டிக்கொள்ளவே மாட்டாரே, மனத்தாழ்மை இல்லையே என்று நான் வீட்டில் வந்து இவரிடமே சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா அந்த வாரமெல்லாம் வீட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் வந்து சிரித்திருக்கிறார்.

தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். நான் உள்ளே போனதும் மறுபடியும் குரல் தாழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் அப்படிச் சிரித்தார்கள் போலிருக்கிறது.

அந்த பிரதர்தான் இவரை வெளியே கொண்டுவந்தார். எந்தக் கடையில் கழிவறை சுத்தம், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் சாவி கேட்க வேண்டாம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். முதலில் தேத்தண்ணி குடிக்கப் பக்கத்து மாமாக் கடை வரை போனார்கள், பிறகு மீன், காய்கறி வாங்கப் பாசாருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குப் போய் இறங்கினால், வாசலில் வெள்ளைச் சட்டையோடு இவர் நிற்கிறார், நான் குளித்துக்கொண்டிருந்தபோது கிளம்பி வேனில் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். எனக்கும் கைகொடுத்து "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். கிண்டலா, என்னவென்று தெரியவில்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்து பாட்டு முடிகிறவரை அழுதேன். ஆண்டவர் காரியத்தை முடித்துவிட்டார், என்னைத் தொடாமலே முடித்துவிட்டார் என்று இருந்தது.

போன வாரம் அந்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வாங்குகிற நாள். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரம் டாக்சி பிடித்துப் போக வேண்டும். நான் காலையிலேயே குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தேன். "நீ இரு, பிரதர் வராரு, கொம்யூட்டர் ரயில்ல போயிட்டு வந்துடுறோம்" என்றார். பிறகு நாள் முழுக்க நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சோறு இறங்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு வந்தார்.

"ரிசல்ட் கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க."

"என்னங்க சொன்னாரு டாக்டர்?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே "ஜெபம் பண்ணு" என்றார்.

"என்னன்னு பண்ணுவேன்? நல்லதுன்னா ஸ்தோத்திரம் சொல்லணும். வேற மாதிரின்னா அழுது கேக்கணும். எதுன்னு தெரியாம எப்படிங்க?"

"அவருக்குத் தெரியும். நீ பண்ணு."

கோபமாகச் சொல்லவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்கலாம் என்று அன்றைக்கு முழுக்கப் பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன், இன்றைக்கும் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பெற்றது நான். அவருக்குக் கட்டிவிட்டது, கழற்றியது, துவைத்தது நான். அவர் ரத்தத்தில் அது போய்விட்டதா, இருக்கிறதா என்று அந்த வேன் ஓட்டுகிறவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை கேட்க எனக்கு முகம் இல்லை.